இரண்டாம் சனிக்கிழமை திருடாத திருடன்

தண்ணீரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து, "ஐயா, நான் சொன்னது அபாண்டம்" என்று அதன் வாயாலேயே சொல்ல வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். பெயர் வன்னியபெருமாள். தொழில், துப்பறிவது. இடம், திருவனந்தபுரம் சாலைக்கடைத் தெருவில் ஒரு குடைக்கடையின் மாடி. இந்தச் சேதி லண்டனுக்கு எட்டியபோது அங்கே போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் வெட்கத்தில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்களாம். அந்த ஊர் ராணிகூட யாரோடும் பேசவில்லை என்று கேள்வி.

பெட்ரோல் விலை எகிறி, படித்தவன் படிக்காதவன் எல்லாரும் 'எனர்ஜி, எனர்ஜி' என்று அலைந்த எழுபதுகளின் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்த வழக்கு படியேறி வந்தது.

வந்தவள் பூமாரி. போனக்காட்டு மலையில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் இலை பொறுக்குகிறவள். வித்துரா பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, எம் வீட்டுக்காரரு களவாணியாம்."

"யாரு சொன்னா?" என்றார் வன்னியபெருமாள்.

"தண்ணி."

மூலையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் நிமிர்ந்தாள். சங்கரன்கோவில்காரி. டைப்பிஸ்டாகச் சேர்ந்து, டைப்ரைட்டர் பழுதாகிப் போனதால் துப்பறியும் உதவியாளராக உயர்ந்தவள். அண்ணாச்சியின் மூளைமேல் அவளுக்கு மரியாதை உண்டு. அவர் வாயின்மேல் கிடையாது.

"எந்தத் தண்ணி தாயீ? கெணத்துத் தண்ணியா, கொழாத் தண்ணியா? தராதரம் பாத்துத்தான வாக்குமூலம் வாங்கணும்," என்றாள் அவள்.

"செவப்புத் தண்ணி," என்றாள் பூமாரி. அதற்குமேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகையிலிருந்து பொறுக்கி எடுத்த விஷயம் இது. பூமாரியின் புருஷன் சொரிமுத்து ஃபாக்டரி பாய்லருக்கு விறகு போடுகிறவர். திருவனந்தபுரத்திலேயே வழுதக்காட்டில் 'ஒருங்கிணைந்த ஆற்றல் ஆய்வு மன்றம்' என்று ஓர் ஆபீஸ். அங்கே பட்டாபி என்ற எஞ்சினியர், மலைமேலிருக்கும் ஃபாக்டரியை அப்படியே கண்ணாடித் தொட்டியும் குழாயுமாக ஒரு மேஜைமேல் செய்து வைத்திருக்கிறார். காலையில் மலையிலிருந்து போன் வரும்: இன்றைக்கு இவ்வளவு விறகு, இவ்வளவு கரண்ட் என்று. அந்த அளவுக்குக் கலர்த் தண்ணீரை ஊற்றினால், சாயங்காலம் எவ்வளவு தேயிலை உலர்ந்திருக்கவேண்டும் என்று அந்த மேஜை சொல்லிவிடும். இரண்டு மாதமாக அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: விறகில் கால்வாசி பாய்லருக்குப் போய்ச் சேரவில்லை. விறகுக்கும் பாய்லருக்கும் நடுவே நிற்பது யார்? சொரிமுத்து.

"தேயிலை காயலியா அப்போ?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"நல்லாக் காஞ்சு, பெட்டியில அடைச்சு, லாரி ஏறிப் போயிருச்சு அக்கா. ஆனா அவுங்க கண்ணாடிக் கொழாயில காயலியாம்." பூமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை. அவரையும் மலையிலேருந்து வரச் சொல்லிருக்காவ. டைரக்டர் ஐயா கையெழுத்துப் போட்டு எஸ்டேட்டுக்குப் போன் பண்ணிட்டா வேலையும் போச்சு, லைன் வீடும் போச்சு. மூணு பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நான் எந்தப் பாறைமேல போயி குந்துவேன்?"

வன்னியபெருமாள் எழுந்து சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அழாத. அந்தத் தண்ணிய நான் குறுக்கு விசாரணை பண்ணுதேன்."

"பண்ணுங்க," என்றாள் ஆவுடைத்தாய். "ஜாமீனுக்கு நான் ஒரு சொம்பு எடுத்துக்கிட்டு வாரேன்."

வழுதக்காட்டு ஆபீஸ் ஒரு பழைய ஓட்டு பங்களா. கீழே கேன்டீன், மேலே ஆராய்ச்சி. மாடி ஹாலின் நடுவில் அந்த மாடல் நின்றது. நின்றது என்று சொன்னால் போதாது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மூன்று கண்ணாடித் தொட்டிகள். அவற்றிலிருந்து ஓடிப் பின்னி, மோதி, ஒன்றோடொன்று குடும்பம் நடத்தும் குழாய்களைக் கழற்றி நேராக நீட்டினால் கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பலாம். தொட்டிகளின்மேல் பெரிய எழுத்தில் போர்டு: விறகு. மின்சாரம். சாண வாயு. ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு பித்தளைக் குழாய். விறகுத் தொட்டியில் மட்டும், அளவு பார்ப்பதற்காக, சங்கிலி போட்டுக் கட்டிய ஓர் எவர்சில்வர் தம்ளர்.

பட்டாபி கரமனை அக்கிரகாரத்துக்காரர். பூர்வீகம் தஞ்சாவூர். தோளில் துண்டு, கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜா. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். மத்தியானம் சாப்பாட்டுக்கும் சைக்கிளில் கரமனைக்கே போய்விடுவார்.

"வாங்கோ, வாங்கோ. லோகத்துல இதுவரைக்கும் எல்லாரும் என்ன பண்ணினா தெரியுமோ? மின்சாரக்காரன் மின்சாரத்துக்கு ஒரு மாடல் போட்டான். விறகுக்காரன் விறகுக்கு ஒண்ணு. சாணக்காரன் சாணத்துக்கு ஒண்ணு. ஒருத்தனுக்கொருத்தன் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனா ஃபாக்டரில மூணும் சேர்ந்துன்னா வேலை செய்யறது? கரண்ட் போனா ஃபேன் நிக்கும். ஃபேன் நின்னா விறகு ஜாஸ்தி எரியும். விறகு நனைஞ்சிருந்தா வாயுவைத் திறக்கணும். அதனால மூணுக்கும் நான் கல்யாணம் பண்ணி வெச்சுட்டேன்."

"ஒரே வீட்டுல மூணு பேரா? வெளங்கிரும்," என்றாள் ஆவுடைத்தாய்.

"கம்ப்யூட்டர்ல போடலாமே?" என்றார் வன்னியபெருமாள், தனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள.

"கம்ப்யூட்டர் பம்பாய்ல இருக்கு. தண்ணி இங்கேயே இருக்கே!"

அப்போது டைரக்டர் திரவியம் உள்ளே வந்தார். நாகர்கோவில்காரர். ஆள் வருமுன் குரல் வரும். குரல் வருமுன் ஆபீஸே எழுந்து நின்றுவிடும்.

"ஆரு, டிடெக்டிவா? டைம் வேஸ்ட், கேட்டீரா. மாடல் பொய் சொல்லாது."

"தேயிலை காஞ்சிட்டுதே சார்?"

"காஞ்சுது. அதுக்கென்ன?"

"விறகு போகாம எப்படிக் காயும்?"

திரவியம் ஒரு கணம் யோசித்தார். "அது தேயிலையோட தப்பாக்கும். தேயிலை நாலெழுத்துப் படிச்சுதா? மாடல் பட்டாபி பண்ணினது. எம்.டெக்."

"சார், இந்தத் தண்ணியே வாயத் தொறந்து, திருடன் சொரிமுத்து இல்லன்னு சொல்லிட்டா?"

டைரக்டர் சிரித்த சிரிப்பில் நீலத் தொட்டியில் அலை அடித்தது. மின்சாரம் கொஞ்சம் தளும்பிக் கீழே சிந்தியது. "தண்ணி வாயத் தொறந்தா நானும் தொறந்து ஒத்துக்கிடுதேன். அது நடக்காது ஓய். நாலு மணிக்குக் கையெழுத்து." போய்விட்டார்.

வன்னியபெருமாள் விறகுத் தொட்டிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீரைக் கண்ணோடு கண் பார்த்தார்.

"உம் பேரு?"

தண்ணீர் பேசவில்லை.

"ஊரு?"

"வாட்டர் ஒர்க்ஸ்," என்றாள் ஆவுடைத்தாய். "அண்ணாச்சி, கல்யாணமாயிட்டான்னு கேளுங்க. இப்பத்தான் ஐயரு சொன்னாரு."

அவர் அவளைச் சட்டை செய்யாமல் முகத்தைத் தொட்டிக்குள் விடாத குறையாகக் குனிந்து மோந்து பார்த்தார். "கலருக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"முதல்ல சிவப்பு மசி. குழாயெல்லாம் கறை பிடிச்சுடுத்து. அப்புறம், ரெண்டு மாசம் முந்தி, சாலைக்கடைத் தெருல ஒரு மருந்துக்கடைக்காரன் ஏதோ மரச்சீவல் குடுத்தான். கொதிக்க வெச்சு வடிகட்டினா அழகா ரோஸ் கலர். நீலத்துக்குத் துணிக்குப் போடற நீலம். மஞ்சளுக்கு மஞ்சப்பொடி."

"நீலம் எப்பவாது காணாமப் போச்சா?"

"சொட்டுகூடப் போகலை."

"மஞ்சள்?"

"ஊஹூம்."

"ஆக, களவாணிக்கு விறகு மட்டும்தான் பிடிக்கும்." வன்னியபெருமாள் மோவாயைத் தடவினார். "களவு போகாத நாள் ஏதாவது உண்டா?"

பட்டாபிக்கு அந்த மாடலின் ஒவ்வொரு நாளும் பெற்ற பிள்ளையின் பிறந்தநாள்போல நினைவிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "இருக்கே! இரண்டாம் சனிக்கிழமை. ஆபீஸ் லீவு, நான் மட்டும் வந்து ஓட்டினேன். அன்னிக்கு விறகு முழுசா வந்துடுத்து. அப்புறம் பந்த் அன்னிக்கு. கரமனைலேர்ந்து நடந்தே வந்தேன், ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. அன்னிக்கும் களவில்லை. அப்புறம் ஆறாட்டு அன்னிக்கு."

"ஆறாட்டா?"

"பத்மநாபஸ்வாமி கோயில் ஆறாட்டு உத்ஸவம். டவுனுக்கு மட்டும் லோக்கல் ஹாலிடே விடுவாளே!"

வன்னியபெருமாள் ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் ஸ்டூல் பயந்து விழுந்தது.

"பூமாரி! ஆறாட்டுக்கு மலையில லீவு உண்டா?"

"எங்களுக்கு ஏது அண்ணாச்சி? அன்னைக்கும் வேலைதான்."

"இரண்டாம் சனி?"

"அது என்ன சனி?" என்றாள் பூமாரி. பாவம், ஏழரைச் சனி ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

ஆவுடைத்தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். போனக்காட்டில் விறகு திருடுகிறவன் எதற்காகத் திருவனந்தபுரத்து ஆபீஸ் லீவை எல்லாம் அனுசரிக்கிறான்?

"அண்ணாச்சி! இவன் கவர்ன்மென்ட் ஆளு மாதிரில்லா இருக்கான்! லீவு நாள்ல களவுகூடப் பண்ண மாட்டேங்கான்."

"இப்பத்தான் நீ உதவியாளர்," என்றார் வன்னியபெருமாள். "பட்டாபி சார், கடைசிக் கேள்வி. எந்த நாள்ல களவு ரொம்ப ஜாஸ்தி?"

"வெள்ளிக்கிழமை. எப்பவும் வெள்ளிக்கிழமைதான். அன்னிக்கு ஒரு தோப்பே போயிடும்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். நாலு படிக்கு ஒரு படிதான் காலில் பட்டது.

கீழே கேன்டீனில் ரத்னாபாய் பெரிய அண்டாவில் கப்பை என்கிற மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மியில், சம்மந்தி என்கிற துவையலுக்கு, காந்தாரி மிளகாய், உப்பு, உள்ளி. அந்த நெடியில் ஆவுடைத்தாய்க்கு வாசலிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது.

"எந்தா அண்ணாச்சி, ஊணு வேணுமா?"

"வெள்ளிக்கிழமை என்ன ஸ்பெஷல், பாய்?"

"கப்பயும் காந்தாரிச் சம்மந்தியும். வெள்ளிக்கிழமைன்னா அது மாத்திரம். டைரக்டர் சாருக்கு உயிரல்லே! ரெண்டு தடவ வாங்கித் தின்னும்."

"குடிக்கத் தண்ணி?"

"ஐயோ, உச்சைக்கு, பன்னெண்டு மணிக்கு மேல இவிட பைப்புல வெள்ளம் ஏது? காத்துதான் வரும். கை கழுவுறதுக்கு ஒரு பக்கெட்டு பிடிச்சு வெப்பேன். குடிக்கிறது அவங்கவங்க பாடு. எனக்கு ஒண்ணும் அறியில்லா."

வன்னியபெருமாள் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். ரத்னாபாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு அம்மியில் இன்னும் ஒரு கை காந்தாரியை அள்ளிப் போட்டாள். அந்தக் காந்தாரியின் காரத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எதிர்வீட்டு நாய் அந்த அம்மியைப் பார்த்துவிட்டு ஊரைக் காலி செய்துகொண்டு நெடுமங்காடு போய்விட்டது.

"பாய், சாப்பாடு ரெடின்னா ஆட்டுவீங்களே, அந்த மணியையும் கொஞ்சம் குடுங்க."

"மணி எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் ஆவுடைத்தாய்.

"சாட்சிக்கு நாக்கு வேணும்லா."

மாடிக்குப் போய், பட்டாபியிடம் விறகுத் தொட்டியில் ஒரு தக்கையை மிதக்கவிடச் சொன்னார். தக்கையில் கயிறு, கயிற்றில் மணி. தண்ணீர் சட்டென்று இறங்கினால் மணி அடிக்கும். பட்டாபிக்கு அது தன் கல்யாண வீட்டில் கட்டிய இன்னொரு மாவிலைத் தோரணம் மாதிரி இருந்தது, ஆசையாகவே செய்தார். பிறகு யாரும் உள்ளே வராதபடி நாலு மணிவரை ஹாலைப் பூட்டச் சொல்லிவிட்டு, சாவியை வன்னியபெருமாளே இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"பூட்டிட்டா திருடன் எப்படி அண்ணாச்சி வருவான்?"

"தாகத்தோட வருவான்," என்றார் வன்னியபெருமாள். ஆவுடைத்தாய்க்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி புரியாததற்கு அவள் அவர்மேல் கோபித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஹால் திறந்தது. ஆபீஸே திரண்டு வந்தது. மத்தியானம் முழுவதும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் முகத்தில் ஓர் ஏக்கம் இருந்தது. அக்கவுண்டன்ட் பஞ்சாபகேசன் உதட்டை விசிறிக்கொண்டிருந்தார். டைரக்டர் திரவியத்தின் மூக்கு, விறகுத் தொட்டியைவிட ஒரு படி அதிகமாகச் சிவந்திருந்தது. அவர் மூன்று தடவை கப்பை வாங்கித் தின்றதாக ரத்னாபாய் பிற்பாடு சொன்னாள்.

சொரிமுத்து சுவரோரமாகக் கைகட்டி நின்றார். பூமாரி அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விறகு குறைந்தால் மணி அடிக்கும் என்று பட்டாபி எல்லாருக்கும் விளக்கியபிறகு, திரவியம் மாடலுக்குப் பக்கத்தில் நின்று, கையில் டிஸ்மிஸ் கடிதத்தோடு பேச ஆரம்பித்தார்.

"நாட்டில எனர்ஜி க்ரைசிஸ். ஹா! ஒரு குச்சி விறகும் வேஸ்ட் ஆகப்படாது. ஸ்ஸ்... இந்த சொரிமுத்துங்கிறவன்... ஹா... கால்வாசிக் காட்ட முழுங்கிட்டான். மாடல் சொல்லுது. ஸ்ஸ்ஸ்... மனுசன் பொய் சொல்லுவான்..."

பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கை இன்னொரு பக்கம் போனது. ஆவுடைத்தாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது டைரக்டரின் கைதான். ஆனால் டைரக்டருக்குத் தெரியாது. தம்ளரை எடுத்தது. பித்தளைக் குழாயைத் திறந்தது. நிறையப் பிடித்தது. திரவியம் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடி "ஆங்..." என்றார். மறுபடி பிடித்தார்.

டிங்! டிங்! டிங்! டிங்!

"பாருங்கடே!" என்று டைரக்டர் துள்ளினார். "மணி அடிக்குது! விறகு குறையுது! இப்பவும் களவு நடக்குது! இந்த நிமிசம்! சொரிமுத்து, கையும் களவுமா மாட்டினியா!"

சொரிமுத்து, எட்டி நின்ற இடத்திலிருந்தே, கட்டிய கையை அவிழ்த்து இரண்டையும் விரித்துக் காட்டினார். "எந்தக் கையால சாமி?"

மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாருடைய கண்ணும் டைரக்டரின் கையிலிருந்த தம்ளருக்குப் போனது, தம்ளரிலிருந்து சங்கிலிக்கு, சங்கிலியிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து 'விறகு' என்ற போர்டுக்கு.

"சாட்சி சொல்லிட்டுது சார்," என்றார் வன்னியபெருமாள்.

"என்ன சாட்சி? நான் ஒண்ணும் குடிக்கல்ல," என்றார் திரவியம். மீசையிலிருந்து ரோஸ் கலரில் ஒரு சொட்டு விழுந்தது.

"பட்டாபி சாருக்குச் சாலைக் கடைக்காரன் குடுத்தது பதிமுகம். இந்த ஊர்ல எந்த ஓட்டல்ல உக்காந்தாலும் மொதல்ல வைக்கிற தண்ணி. தாகசமனிம்பாங்க, தாகம் தீக்கிறது. கொதிக்க வெச்ச ரோஸ் தண்ணி, அடியில குழாய், பக்கத்துல சங்கிலி போட்ட தம்ளர். ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ்ல இதுக்கு என்ன அர்த்தம்? கேன்டீன்ல தண்ணி கிடையாது. பட்டாபி சார் மத்தியானம் கரமனையில. வேற எங்க குடிப்பாங்க?"

"அட பாவி மனுசா!" என்று ஆவுடைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "தெனமும் ஓட்டல்ல நானும் இதத்தான குடிக்கேன்! போர்டைப் பாத்து ஏமாந்துட்டேனே!"

"இதைக் குடிச்சவங்க கை தூக்குங்க."

முதலில் பஞ்சாபகேசன் மெதுவாகத் தூக்கினார். "ரொம்ப நாளா மன்றம் நமக்காகப் பண்ணின ஏற்பாடுன்னே நினைச்சுண்டிருந்தேன். சுக்கும் கொஞ்சம் தட்டிப் போட்டா நன்னா இருக்கும்னு மனு குடுக்கக்கூட இருந்தேன்." அவருக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது. கடைசியில் ஹால் முழுக்கக் கைகள். வாசலில் நின்ற ரத்னாபாயும் ஒன்று தூக்கினாள்.

பட்டாபி தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு தம்ளர்னா என் ஸ்கேல்ல ஒரு வண்டி விறகு! மலைல காடு பத்திரமா இருக்கு. இங்க ஆபீஸே சேர்ந்து குடிச்சுத் தீர்த்திருக்கா! மின்சாரத்தைச் சேர்த்தேன், வாயுவைச் சேர்த்தேன், மனுஷாளுக்குத் தாகம் எடுக்கும்கறதைச் சேர்க்கலையே!"

"அப்பவும் நான் நம்பல்ல," என்றார் திரவியம். குரலில் பாதி இறங்கியிருந்தது. "எவனோ குடிச்சிருப்பான். டைரக்டர் போய் விறகக் குடிப்பானா? இம்பாசிபிள்."

பூமாரி முன்னால் வந்தாள். அவளுக்குப் பயமெல்லாம் போய்விட்டிருந்தது.

"கையில பிடிச்சது ரெண்டாவது வண்டி, ஐயா. அதையும் குடிச்சுட்டுச் சொல்லுங்க. காரம் அடங்கட்டும்."

திரவியம் தம்ளரைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். காந்தாரி உள்ளே அவரை விடவில்லை. குடித்தார். மூன்றாவதும் பிடித்தார். மணி அடித்தது.

அவர் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மேஜைமேலிருந்த டெலிபோனை எடுத்தார். எஸ்டேட் மேனேஜரோ நாலு மணியிலிருந்து தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மலைக்கு லைன் கிடைத்தது. ஆனால் வழியெல்லாம் காற்றும் மழையும் சேர்ந்து பேசின.

"ஹலோ! திரவியமாக்கும்! சொரிமுத்து மேல தப்பில்ல! ஆமா! வேலையில வெச்சுக்கிடணும்! வீடும் இருக்கட்டும்! ... என்னது? ... விறகா? கெடச்சுட்டுது! ... எங்கேயா?"

அவர் திரும்பி ஹாலைப் பார்த்தார். ஹால் அவரைப் பார்த்தது. சொரிமுத்து மட்டும் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இங்கதான்... ஆபீஸ்ல... குடிச்சிட்டாங்க. ... ஆமா, விறகத்தான்! ... இல்லய்யா, எனக்குக் கிறுக்கு ஒண்ணும் பிடிக்கல்ல! ... ஆரு குடிச்சான்னா..."

மறுமுனை விடவில்லை. திரவியம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வழுதக்காடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"நானாக்கும் ஓய் குடிச்சது! நான்! தெனமும்! வெள்ளிக்கிழமை நாலு தம்ளர்!"